உடுவில் முதல் மானிப்பாய் வரை: இணுவில் அடங்கிய தொகுதியின் வாக்கு வரலாறு

யாழ்ப்பாண நகரத்திலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே போனால் கொக்குவில், தாவடி கழிந்ததும் இணுவில். அதற்கு அப்பால் மருதனார்மடம், சுன்னாகம். செம்மண் நிலமும் கிணற்றுப் பாசனமும் கொண்ட ஊர். புகையிலை, வெங்காயம், மிளகாய், மரக்கறி என்று தோட்டம் செய்து வாழ்ந்தவர்கள் நிறைந்தது. தவிலுக்கும் நாதசுரத்துக்கும் பேர்போனது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த மண் இது. நிருவாகத்தில் உடுவில் பிரதேச செயலகமும் வலிகாமம் தெற்குப் பிரதேச சபையும் இதற்குப் பொறுப்பு. பாராளுமன்றத் தேர்தலில் 1960 முதல் 1977 வரை இது உடுவில் தொகுதியில் இருந்தது. 1977 தேர்தலிலிருந்து மானிப்பாய்த் தொகுதி. இன்று அந்தத் தொகுதி தனி உறுப்பினரைத் தெரிவுசெய்வதில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பதினொரு வாக்கெடுப்புப் பிரிவுகளில் ஒன்றாக மட்டும் நிற்கிறது.

இந்தத் தொகுதியில் யார் வென்றார் என்று பட்டியல் போடுவது எளிது. அதைவிட முக்கியமானது, எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற கணக்கு. இங்கே மக்கள் திரண்டு வாக்களித்த ஆண்டுகளும் உண்டு, நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் போகாத ஆண்டுகளும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரலாறு முழுமையாகும்.

தொடக்கத்தில் வாக்கு என்பது ஊரவருக்கு எட்டாத பொருள். மருதனார்மடத்தில் 1913 இல் பெண்களுக்கென்று கல்லூரி அமைத்த சேர் பொன்னம்பலம் இராமநாதன், 1911 இல் சட்டசபையின் 'படித்த இலங்கையர்' ஆசனத்துக்குத் தெரிவானார். முழு இலங்கைக்கும் அந்த ஆசனம் ஒன்றே. அதற்கு வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் தீவு முழுவதிலும் சுமார் 3,000 பேர். தோட்டக்காரனுக்கும் கூலிக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. டொனமூர் ஆணைக்குழு 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் வாக்குரிமை தரச் சொன்னபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் இராமநாதனும் ஒருவர். கல்விக்கு அவர் செய்த தொண்டு பெரிது. இந்த விடயத்தில் அவர் நின்ற பக்கம் பிழையானது.

சர்வசன வாக்குரிமை 1931 இல் வந்தது. வந்த முதல் தேர்தலிலேயே யாழ்ப்பாணக் குடாநாடு வாக்களிக்கவில்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், பூரண சுயராச்சியம் தராத அரசியலமைப்பை ஏற்க முடியாது என்று அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கக் கோரியது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனுக் கொடுக்கவில்லை. அந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஹண்டி பேரின்பநாயகம் மானிப்பாயைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராக இருந்தவர். நாட்டின் பிற பகுதிகள் பின்தொடரவில்லை. மூன்று ஆண்டுகள் நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்து, 1934 இல் நடந்த இடைத்தேர்தலில்தான் நிரம்பின. காங்கேசன்துறைக்குச் சு. நடேசனும் யாழ்ப்பாணத்துக்கு அருணாசலம் மகாதேவாவும் பருத்தித்துறைக்கு ஜி. ஜி. பொன்னம்பலமும் போனார்கள். இந்த மண்ணின் முதல் பகிஷ்கரிப்பு, மக்கள் தலைவர்கள் தாமாக விரும்பி எடுத்த முடிவு. பின்னால் வந்தவற்றை அப்படிச் சொல்ல முடியாது.

ஆரம்பகாலத் தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டது. வாக்குச்சாவடியில் அந்தந்த நிறப் பெட்டி இருக்கும். வாக்காளர் தம் விருப்பத்துக்குரிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதவரும் தனித்து வாக்களிக்க அது வழி செய்தது. பின்னர் நிறம் போய்ச் சின்னம் வந்தது. சின்னம் வந்ததும் ஊரில் கட்சியின் பெயரே மாறிவிட்டது. வீடு, சூரியன், சைக்கிள், வீணை, யானை என்றுதான் பேச்சு. தமிழரசுக் கட்சி, தமிழர் விடுதலைக் கூட்டணி, தமிழ்க் காங்கிரஸ் என்ற முழுப் பெயர்கள் துண்டுப்பிரசுரத்தில் மட்டும் நின்றன.

1947 தேர்தலின்போது குடாநாட்டுக்கு ஏழு ஆசனங்கள். உடுவில் என்றொரு தொகுதி அப்போது இல்லை. தமிழ்க் காங்கிரஸின் அலை வீசிய காலம். யாழ்ப்பாணத்தில் அதன் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம், மகாதேவாவைத் தோற்கடித்தார், காங்கேசன்துறையில் சா. ஜே. வே. செல்வநாயகம், கோப்பாயில் கு. வன்னியசிங்கம் வென்றார்கள். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்ட பின் பொன்னம்பலம் அரசாங்கத்தில் அமைச்சராக, செல்வநாயகமும் வன்னியசிங்கமும் பிரிந்து 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். வலிகாமம் உடனே அவர்கள் பக்கம் சாயவில்லை என்பதை மறக்கக் கூடாது. 1952 இல் செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்றார். அவரை வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியில் நின்ற நடேசன். கோப்பாயில் வன்னியசிங்கம் மட்டும் தாக்குப்பிடித்தார். 1956 இல் 'சிங்களம் மட்டும்' கோஷம் தெற்கைப் பிடித்தபோதுதான் வடக்கின் வாக்கு ஒரே பக்கமாகத் திரும்பியது. செல்வநாயகம் மீண்டும் வென்றார். தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றது.

1959 ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயம் நாடு முழுவதும் தொகுதிகளைப் பெருக்கியது. யாழ்ப்பாண மாவட்டத்தில் உடுவில், நல்லூர், உடுப்பிட்டி, கிளிநொச்சி ஆகியவை புதிதாக முளைத்தன. அதே ஆண்டில் வாக்களிக்கும் வயதும் 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது.

உடுவில் தொகுதியின் கதை கிட்டத்தட்ட ஒரே மனிதரின் கதை. விஸ்வநாதர் தர்மலிங்கம், தமிழரசுக் கட்சி. 1960 மார்ச்சில் வென்றார். அந்தப் பாராளுமன்றம் சில வாரங்களில் கலைய, ஜூலையில் மீண்டும் வென்றார். 1965, 1970 இரண்டிலும் அவரே. தொகுதி இருந்த காலம் முழுவதும் அதற்கு வேறு உறுப்பினர் இருந்ததில்லை. இலங்கை அரசியலில் இது சாதாரணமாகக் காணக்கூடியதன்று.

அந்த நிலைத்தன்மையின் கனம் 1970 தேர்தலில் தெரிகிறது. அந்த ஆண்டு மே 27 ஆம் திகதி யாழ்ப்பாணத்து வாக்காளர் பெரிய தலைகளை வரிசையாகச் சாய்த்தார்கள். வட்டுக்கோட்டையில் அ. அமிர்தலிங்கம் தமிழ்க் காங்கிரஸின் ஆ. தியாகராசாவிடம் தோற்றார். நல்லூரில் ஈ. எம். வி. நாகநாதன் தோற்றார். மறுபுறம் யாழ்ப்பாணத்தில் பொன்னம்பலமும் உடுப்பிட்டியில் மு. சிவசிதம்பரமும் தமிழரசுக் கட்சியிடம் தோற்றார்கள். இணுவிலைச் சூழ்ந்த தொகுதிகள் இப்படி ஆட்டம்கண்டபோது உடுவில் அசையவில்லை. 1965 இல் தமிழரசுக் கட்சி டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்தில் சேர்ந்து, மாவட்ட சபை வாக்குறுதி நிறைவேறாமல் வெளியே வந்திருந்தது. அந்த ஏமாற்றத்துக்கான தண்டனை பல தலைவர்களுக்குக் கிடைத்தது, தர்மலிங்கத்துக்குக் கிடைக்கவில்லை. உள்ளூரில் அவருக்கு இருந்த மதிப்பைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம்.

ஆனால் இந்தத் தொகுதிக்குள் தமிழ்த் தேசியம் மட்டுமே பேசப்பட்டது என்று நினைத்துவிடக் கூடாது. 1966 ஒக்டோபர் 21 அன்று தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்துதான் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டது. சுன்னாகத்திலேயே பொலிஸார் தடியடி நடத்தியும் அது நிற்கவில்லை. நா. சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்டுகள் அதன் பின்னால் நின்றார்கள். கோயிலும் தேநீர்க் கடையும் மூடியிருந்த மக்களுக்கு, பாராளுமன்ற வாக்குச்சீட்டு அந்தக் கதவுகளைத் திறந்து தரவில்லை. வென்ற கட்சிகளின் வாக்கு எண்ணிக்கையில் இந்தப் போராட்டத்தின் சுவடு தெரியாது. ஊர்களின் வாழ்வில் அது எந்தத் தேர்தலையும் விடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது.

1970 முதல் 1977 வரையான சிறிமா பண்டாரநாயக்க அரசாங்கம் வலிகாமத்து வாக்காளரை இரண்டாகக் கிழித்தது. 1972 அரசியலமைப்பும் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் இளைஞர்களைக் கொதிக்க வைத்தன. அதே அரசாங்கம் வெங்காயத்தினதும் மிளகாயினதும் இறக்குமதியைத் தடுத்தது. விலை ஏறியது. இணுவிலிலும் சுன்னாகத்திலும் தோட்டம் செய்தவர்கள் கையில் காசு புழங்கியது. ஓலை வீடுகள் கல் வீடுகளாயின, கிணறுகளில் நீரிறைக்கும் மோட்டர்கள் வந்தன. பிள்ளையின் பல்கலைக்கழக இடத்தைப் பறித்த அரசாங்கமே தகப்பனின் வெங்காயத்துக்கு விலை கொடுத்தது. 1977 க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்ததும் அந்த விலை விழுந்தது.

எதிர்ப்பின் பக்கமே அப்போது மேலோங்கியது. செல்வநாயகம் 1972 ஒக்டோபரில் பதவி துறந்து, அரசியலமைப்பை ஏற்கிறீர்களா என்று வாக்காளரிடமே கேட்டார். அரசாங்கம் இடைத்தேர்தலை 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தது. அண்டைத் தொகுதியான காங்கேசன்துறையில் அவருக்கு 25,927 வாக்குகள், கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்துக்கு 9,457. 1976 மே 14 இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாட்டைக் கோரியது. அதே காலத்தில் மீண்டும் எல்லைகள் திருத்தப்பட்டு, உடுவில் மறைந்து மானிப்பாய்த் தொகுதி பிறந்தது. 1977 ஜூலை 21 இல், தமிழரசுக் கட்சி உள்ளிட்டவை சேர்ந்த தமிழர் விடுதலைக் கூட்டணி உதயசூரியன் சின்னத்தில் நின்று 18 ஆசனங்களைப் பெற்று எதிர்க்கட்சியானது. மானிப்பாயில் தர்மலிங்கம் பெருவெற்றி பெற்றார். தம் சொந்த உறுப்பினரை இந்த ஊர்கள் தெரிவுசெய்த கடைசித் தேர்தல் அதுவே.

அதன்பின் வாக்களிப்பு ஒவ்வொரு முறையும் இரத்தக்கறையோடு வந்தது. 1981 ஜூன் 4 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். முன்னதாக மே 24 அன்று ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளரான தியாகராசா சுடப்பட்டு இறந்தார்; 1970 இல் அமிர்தலிங்கத்தை வென்ற அதே தியாகராசா. மே 31 இரவு யாழ்ப்பாணம் நாச்சிமார் கோயிலடியில் நடந்த கூட்டணியின் தேர்தல் கூட்டத்தில் பொலிஸார் சுடப்பட்டார்கள். தொடர்ந்து பொலிஸார் நடத்திய வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. நான்கு நாளில் வாக்கெடுப்பு நடந்தது. கூட்டணி பத்து ஆசனங்களையும் பெற்றது.

1982 ஒக்டோபர் ஜனாதிபதித் தேர்தலைக் கூட்டணி பகிஷ்கரித்தது. மாவட்டத்தில் பாதிக்கும் குறைவானோரே வாக்களித்தார்கள். முதலிடம் தமிழ்க் காங்கிரஸின் குமார் பொன்னம்பலத்துக்கு, சுமார் 40 வீதம். ஆனால் இரண்டாம் இடத்தில் 35 வீதத்தோடு வந்தவர் ஹெக்டர் கொப்பேகடுவ. சிறிமா அரசாங்கத்தின் விவசாய அமைச்சர் அவர். ஜே. ஆர். ஜயவர்தன 20 வீதத்தோடு மூன்றாமிடம். வெங்காயமும் மிளகாயும் அந்த வாக்கில் பேசின என்பதே பொருத்தமான விளக்கம். டிசம்பரில் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டக் கேட்ட சர்வசன வாக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டம் சுமார் 91 வீதம் 'வேண்டாம்' என்றது. நாட்டின் மற்றப் பகுதிகளின் வாக்கால் நீடிப்பு நிறைவேறியது. 1983 ஓகஸ்டில் வந்த ஆறாம் திருத்தம் பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்யச் சொன்னது. மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். மானிப்பாய் வாக்காளருக்குப் பாராளுமன்றத்தில் ஆளில்லாமல் போயிற்று.

1985 செப்டெம்பர் 2 ஆம் திகதி தர்மலிங்கமும் கோப்பாயின் முன்னாள் உறுப்பினர் மு. ஆலாலசுந்தரமும் ஆயுதம் தாங்கியவர்களால் வீடுகளிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஐந்து தேர்தல்களில் ஊர் தெரிவுசெய்து அனுப்பிய மனிதரை, வாக்கால் அல்லாமல் துவக்கால் அகற்றினார்கள். இணுவிலுக்குத் தெற்கே தாவடியில் அவருக்கு நினைவுத்தூபி இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே அஞ்சலி செலுத்தப்படுகிறது.

1978 அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாசார முறை வடக்கில் பாராளுமன்றத் தேர்தலுக்கு முதலில் நடைமுறையானது 1989 பெப்ரவரியில். தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற ஏற்பாடு போய், யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்த ஒரே தேர்தல் மாவட்டத்துக்கு மொத்தமாக ஆசனங்கள் என்றானது. வாக்காளர் முதலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே புள்ளடி போடுவார். பிறகு அந்தக் கட்சியின் பட்டியலில் விரும்பிய மூவர் வரை அவர்களின் இலக்கங்களுக்கு விருப்பு வாக்கு இடலாம். மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்து வாக்குப் பெறாத கட்சிகள் கணக்கிலிருந்து நீங்கும். முதலிடம் வந்த கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம். மிச்சம் விகிதப்படி பிரியும். இந்தியப் படை நிலைகொண்டிருந்த அந்த 1989 தேர்தலில் ஈரோஸ் இயக்க ஆதரவுச் சுயேச்சைக் குழு 11 ஆசனங்களில் எட்டை வென்றது. அவர்களும் பாராளுமன்றத்தில் நிலைக்கவில்லை.

1994 ஓகஸ்ட் தேர்தல், கணக்கின் அபத்தத்துக்கு உதாரணம். குடாநாட்டின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில். இணுவில் உட்பட வலிகாமத்தில் வாக்களிப்பு என்ற பேச்சே இல்லை. தீவுப் பகுதியில் மட்டும் ஓரளவு நடந்தது. மாவட்டம் முழுவதும் வாக்களித்தோர் நூற்றுக்கு இரண்டே பேர். பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளோடு ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி ஒன்பது உறுப்பினரைப் பெற்றது. சட்டப்படி அவர்கள் மானிப்பாய்க்கும் உறுப்பினர்கள்தான். மானிப்பாய் அவர்களைத் தெரிவுசெய்யவில்லை.

அடுத்த ஆண்டு ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. இராணுவம் முன்னேற, இணுவில் மக்களும் கையில் எடுத்ததோடு செம்மணி வழியாகவும் நாவற்குழி வழியாகவும் போனார்கள். 1996 ஏப்ரலில் திரும்பத் தொடங்கினார்கள். திரும்பாதவர்கள் வன்னிக்கும் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் போனார்கள். வாக்காளர் இடாப்பில் அவர்களின் பெயர்கள் நெடுங்காலம் இருந்தன. அந்த வெளியேற்றத்தை ஆசனங்களின் எண்ணிக்கையே சொல்கிறது: 1989 இல் 11, 1994 இல் 10, 2000 முதல் 2010 வரை 9, 2015 இல் 7, 2024 இல் 6. முப்பத்தைந்து ஆண்டில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் தன் குரலில் ஏறத்தாழப் பாதியை இழந்திருக்கிறது.

போர்நிறுத்தக் காலத்தில் 2004 ஏப்ரல் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வீட்டுச் சின்னத்தில் ஒன்பதில் எட்டு ஆசனங்களையும், 90 வீத வாக்குகளையும் வென்றது. இருபது மாதத்துக்குள், 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில், மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.2 வீதம். விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பு நிலைப்பாட்டுக்கு முன்னால் வாக்குச்சாவடிக்குப் போகத் துணிந்தவர் அவ்வளவே. மகிந்த ராஜபக்ஷ அந்தத் தேர்தலில் வென்றது சுமார் ஒரு லட்சத்து எண்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில். யாழ்ப்பாணத்தில் மட்டும் ஏழு லட்சம் பேர் இடாப்பில் இருந்தார்கள். 1931 இல் பகிஷ்கரிப்பு ஒரு விவாதத்தின் முடிவாக வந்தது. 2005 இல் விவாதிக்க இடமே இருக்கவில்லை.

போர் முடிந்தபின் 2010 பொதுத்தேர்தலில் வாக்களித்தோர் கால்வாசிகூட இல்லை. 2011 ஜூன் 16 இல் அளவெட்டியில் நடந்த கூட்டமைப்பின் கூட்டத்துக்குள் இராணுவத்தினர் புகுந்து அடித்தார்கள். அடுத்த மாத உள்ளூராட்சித் தேர்தலில் மக்கள் அதற்குப் பதில் சொன்னார்கள்: தீவகச் சபைகள் நீங்கலாகக் குடாநாட்டுச் சபைகளைக் கூட்டமைப்பு அள்ளியது.

2015 இல் கூட்டமைப்பு எந்தக் கட்சியின் பேரில் நின்றதோ அந்த இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு ஏழில் ஐந்து ஆசனங்கள். தர்மலிங்கத்தின் மகன் சித்தார்த்தன் 53,740 விருப்பு வாக்குகளோடு பாராளுமன்றம் போனார். 2020 இல் வாக்குச் சிதறத் தொடங்கி, அதே கட்சி மூன்றோடு நின்றது. 2024 இல் முழு உடைவு. செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் மாவட்டத்தில் அநுர குமார திசாநாயக்க பெற்றது 27,086 வாக்குகள். இரண்டு மாதத்துக்குள் நவம்பர் 14 பொதுத்தேர்தலில் அவரது தேசிய மக்கள் சக்தி 80,830 பெற்று முதலிடம் வந்தது. தெற்கைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சி யாழ்ப்பாணத்தில் முதலிடம் பெற்றது அதுவே முதல் தடவை. இருந்தும் அது வாக்குகளில் நூற்றுக்கு 25 மட்டுமே. கிடைத்ததோ ஆறில் மூன்று ஆசனங்கள். தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் பல துண்டாக நின்றதும், முதலிடத்துக்கான மேலதிக ஆசனமும் சேர்ந்து செய்த வேலை அது. ஊர் முழுவதும் மனம் மாறிவிட்டது என்று அதை வாசிப்பது அவசரம். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் மாவட்டத்தில் மீண்டும் தமிழரசுக் கட்சியே முன்னுக்கு வந்தது.

மாகாண சபையின் கதை தனியானது. தமிழரின் கோரிக்கைக்குப் பதிலென்று 1987 இல் கொண்டுவரப்பட்ட இந்த அமைப்புக்கு, 1988 நவம்பரில் வடக்கில் வாக்கெடுப்பே நடக்கவில்லை, ஈ.பி.ஆர்.எல்.எப்., ஈ.என்.டி.எல்.எப். ஆகிய இயக்கங்கள் போட்டியின்றித் தெரிவாயின. கால் நூற்றாண்டு கழித்து 2013 செப்டெம்பர் 21 அன்று வட மாகாண சபைத் தேர்தல் நடந்தது. மாவட்டத்தில் நூற்றுக்கு 64 பேர் வாக்களித்தார்கள். யாழ்ப்பாணத்தின் 16 ஆசனங்களில் 14 கூட்டமைப்புக்கு. சி. வி. விக்னேஸ்வரன் 132,255 விருப்பு வாக்குகள் பெற்று முதலமைச்சரானார். இது மக்கள் தங்கள் சொந்த முடிவோடு திரண்டு போட்ட வாக்கு.

அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017 இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் இயற்றிய பாராளுமன்றம், அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் தானே நிராகரித்தது. புதிய முறையிலும் தேர்தல் இல்லை, பழைய முறையிலும் இல்லை. ஆளுநரே நிருவாகம் நடத்துகிறார். பழைய முறைக்குத் திரும்ப ஒரு சிறு சட்டத் திருத்தம் போதும். அதைச் செய்வது பாராளுமன்றத்தின் கடமை. மாகாண சபைச் சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளில் இணுவில் வாக்காளர் அந்தச் சபைக்கு வாக்களித்தது 2013 இல் ஒரே ஒரு தடவை.